பாடியவர்: குழுவினர்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஸ்டோரில் பால் நிறுக்கும் காட்சி மறக்காது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் நடந்து சேர்த்த பால் அது. தராசில் ஏறும்வரை அந்த வாளிக்கு ஓர் ஆள் உண்டு; கிராணி பெயரைக் கேட்டு ஏட்டில் எழுதுவார். பெரிய தொட்டியில் ஊற்றிய மறுகணமே ஐம்பது பேருடைய விடியற்காலைகளும் ஒரே வெண்மையாய்க் கலந்துவிடும். அதன்பின் அந்தப் பாலுக்குத் தோட்டத்தின் பெயர்தான். செடெனாக்கில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகும் இந்த முறை மாறவில்லை. உழைத்தவர் பெயர் தராசுவரைதான் செல்லும் என்பதை உலக நியதி என்றே எண்ணி நாங்கள் வளர்ந்தோம்.

பாட்டுக்கும் அதே நியதிதான் என்று கற்றவர் ஒருவர் மேடையேறிச் சொல்லக் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

அண்மையில் பழைய இசைத்தட்டுகளில் ஆர்வமுள்ளோர் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். பேச வந்தவர் இசையறிவு மிக்கவர், சொல்வன்மையும் உடையவர். அமெரிக்க நாட்டு இசைத்தட்டுத் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டரைப் பற்றியும், நம் ஏ.வி.மெய்யப்பரைப் பற்றியும் ஒரு மணி நேரம் உரையாற்றினார். இறுதியில் அவர் வந்தடைந்த முடிவு இது: இசைத்தட்டில் உண்மைக் கலைஞர் தயாரிப்பாளர் ஒருவரே, பாடிய பெண்கள் அவர் கையில் இருந்த கருவிகள், ஒருத்தி இல்லையேல் இன்னொருத்தி. அவை கைதட்டிற்று. என் கைகள் எழவில்லை. ஏன் எழவில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

தயாரிப்பாளரின் பங்கு

முதலில், கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். தயாரிப்பாளர் வெறும் பணப்பை அல்லர். எந்தப் பாட்டு, எந்தக் குரல், எந்த வாத்தியம், எத்தனை முறை ஒத்திகை, எந்தப் பதிவை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்பவற்றை எல்லாம் முடிவு செய்பவர் அவர்.

1961-இல் 'ஃபில்லிஸ்' என்ற இசைத்தட்டு நிறுவனத்தை ஒரு கூட்டாளியோடு தொடங்கிய ஸ்பெக்டருக்கு அப்போது வயது இருபத்தொன்றோ இருபத்திரண்டோதான். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கோல்டு ஸ்டார் ஒலிப்பதிவுக் கூடத்தில், சிறியதோர் அறைக்குள், பல கித்தார்களையும் பல பியானோக்களையும் தாள வாத்தியங்களையும் நெருக்கி அமர்த்தி, ஒரே பண்ணை எல்லாரும் சேர்ந்து வாசிக்கச் செய்தார். அவ்வொலியை எதிரொலி அறைக்கு அனுப்பி, அங்கு முழங்கியதைத் திரும்பப் பதிந்தார். தனித்தனி வாத்தியம் எதுவென்று பிரிக்கவியலாத அந்தப் பெருக்கத்தை 'ஒலிச்சுவர்' என்று உலகம் அழைத்தது. கிரிஸ்டல்ஸ், ரோனெட்ஸ் முதலிய இளம்பெண் குழுக்களின் பாடல்கள் அச்சுவரின் மேல்தான் ஏறி நின்றன. 1963-இல் வெளிவந்த 'பி மை பேபி' என்னும் பாட்டின் தொடக்க முரசொலியைப் பின்வந்தோர் எத்தனையோ பேர் போலச் செய்தனர். இந்தத் திறமையை மறுப்பவன் செவிடனாகத்தான் இருக்க வேண்டும்.

நம்மவர் கதையும் சிறியதன்று. காரைக்குடியில் தந்தை நடத்திய கடையில் இசைத்தட்டு விற்றுப் பழகிய மெய்யப்பர், சென்னைக்கு வந்து, கூட்டாளிகளோடு 'சரஸ்வதி ஸ்டோர்ஸ்' என்னும் நிறுவனத்தின் வழியே ஒடியன் இசைத்தட்டுகளை வெளியிட்டார். அவர் திரைப்படத்துக்கு வருவதற்கு முன்பே இசைத்தட்டுக்காரர். மக்கள் காசு கொடுத்து எதைக் கேட்பார்கள் என்பது கல்லாவின் பின்னால் நின்று அவர் கற்ற பாடம். முதற்படமான 'அல்லி அர்ஜுனா' 1935-இல் தோல்வியுற்றும் அவர் மனம் தளரவில்லை. அவருடைய படங்களின் வெற்றிக்குப் பாதிக் காரணம் அவருடைய காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றே மேல் என்ற தட்டின் அளவுதான் நம் மெல்லிசையின் உருவத்தையே தீர்மானித்தது. இரவெல்லாம் நீண்ட நாடக மேடைப் பாட்டு, மூன்று நிமிடச் சிமிழுக்குள் அடங்கப் பழகியது. எதை நிறுத்துவது, எதை வெட்டுவது என்று சொன்னவர்கள் இசைத்தட்டு வணிகத்தார். ஆகவே தொடக்ககால மெல்லிசையில் தயாரிப்பாளரின் செல்வாக்கு பெரிது என்பதில் எனக்கு ஐயமில்லை. வேலையைச் செய்தார் என்பதற்காக விளைவு முழுவதும் அவருடையது என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

பெயர் சொல்லிப் பாடிய காலம்

இசைத்தட்டு இந்திய மண்ணில் கால் வைத்த நாளை நினைத்துப் பாருங்கள். 1902-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடினார். பாட்டு முடிந்ததும், தம் பெயர் கௌஹர் ஜான் என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். மெழுகுத் தட்டு ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலேறிப் போய் அச்சாக வேண்டும். அங்கிருக்கும் தொழிலாளிக்கு யார் பாடியது என்று தெரிந்தால்தான் சரியான பெயர்ச்சீட்டை ஒட்ட முடியும். அதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. காரணம் தொழில் சார்ந்ததுதான். ஆயினும் அதன் பொருளைப் பாருங்கள். பாடியவள் தன் பெயரைப் பாட்டின் உடம்பிலேயே பொறித்துவிட்டாள். தட்டு இருக்கும்வரை அந்தப் பெயரை எவராலும் பிரித்தெடுக்க முடியாது.

தென்னாட்டிலும் முதலில் ஒலிக்குழல் முன் நின்று பாடத் துணிந்தவர்களில் பலர் தேவதாசி மரபில் வந்த பெண்கள். பெரிய வித்துவான்கள் பலர் தட்டில் பாடத் தயங்கிய காலத்தில் அப்பெண்கள் பாடினர். பெங்களூர் நாகரத்தினம்மாள், சேலம் கோதாவரி என்று ஊரும் பெயருமாக அவர்கள் அறியப்பட்டனர். சமுதாயம் அவர்களை மதித்த இலட்சணம் நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட சமுதாயத்தில்கூட இசைத்தட்டு அவர்கள் பெயரை மறைக்கவில்லை.

கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள் இந்த வரிசையின் சிகரம். இரயில் வண்டியில் பாடித் திரிந்த ஏழைச் சிறுமி. நாடக மேடையில் இலங்கைவரை சென்று புகழ் நாட்டியவர். 1935-இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் நடிக்க ஒரு இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். அன்று ஒரு இலட்சம் என்பது எத்தகைய தொகை என்பதைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்தக் குரலுக்கு விலை சொன்னவர் அந்தக் குரலுக்கு உரியவரே. "ஒருத்தி இல்லையேல் இன்னொருத்தி" என்று எந்தத் தயாரிப்பாளராவது அவரிடம் சொல்லியிருக்க முடியுமா?

அப்படியானால் குரலிலிருந்து பெயர் எப்போது பிரிந்தது?

மாற்றப்பட்ட குரல்கள்

1938-இல் மெய்யப்பர் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் நடிகை ஒருவருக்காக லலிதா வெங்கடராமன் என்பவர் மறைவில் பாடினார். தமிழ்த் திரையில் பின்னணிப் பாடலின் தொடக்கம் என்று அதனைக் கூறுவர். தொழில்நுட்பம் என்ற அளவில் அது பெரும் முன்னேற்றம். நடிக்கத் தெரிந்தவர் நடிக்கட்டும், பாடத் தெரிந்தவர் பாடட்டும் என்பதில் தவறென்ன? தவறில்லைதான். ஆனால் அன்று ஒரு கதவு திறந்தது. உடலிலிருந்து குரலைக் கழற்றலாம், வேறோர் உடலில் பூட்டலாம், அந்தத் திருகாணி தயாரிப்பாளர் கையில் இருக்கும் என்பது அன்று உறுதியாயிற்று.

ஏழாண்டுகள் கழித்து, 1945-இல், 'ஸ்ரீவள்ளி' வந்தது. முருகனாக டி.ஆர்.மகாலிங்கம், வள்ளியாகக் குமாரி ருக்மிணி. ருக்மிணி தம் பாடல்களைத் தாமே பாடியிருந்தார். மெய்யப்பருக்கு அந்தக் குரலில் நிறைவு ஏற்படவில்லை. பி.ஏ.பெரியநாயகியை அழைத்துப் பாடச் செய்து, ருக்மிணியின் வாயசைவுக்கு அக்குரலைப் பொருத்தினார். படம் பெருவெற்றி பெற்றது. தயாரிப்பாளரின் துணிச்சலுக்குச் சான்றாக இந்நிகழ்ச்சியை இன்றும் கூறுவர். கூட்டத்தில் பேசியவரும் கூறினார்; சிரித்துக்கொண்டே கூறினார்.

நான் கேட்பது இது. அந்தக் கதையில் மூவர் இருக்கின்றனர். ஒருவர் முடிவு செய்தவர். இன்னொருவர், பாடி முடித்த பின் தம் குரல் எறியப்பட்டவர். மற்றொருவர், இன்னொருத்தியின் இதழசைவை நோக்கிக்கொண்டு, அதற்குள் தம் மூச்சை அடக்கிப் பாடியவர். பெரியநாயகி இசைப்பயிற்சி பெற்ற பாடகி. தாமே திரையில் தோன்றி நடித்தவர். மற்றொருவரின் வாய் திறக்கும் நேரத்தில் தொடங்கி அது மூடும் நேரத்தில் முடித்து, அதற்கிடையே பாவமும் சுருதியும் பிசகாமல் பாடுவது எளிய செயலா? அது கருவியின் வேலையா? அந்த அரிய ஆற்றலைப் பற்றிப் பேச்சாளர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. மெய்யப்பரின் காதைப் புகழ்ந்தார். அந்தக் காது கண்டெடுத்த குரலை மறந்தார். காது எவ்வளவு நுட்பமானதாயினும் பாட இயலாது, ஐயா!

இதன் மறுபதிப்பு 1962-இல் அமெரிக்காவில் நடந்தது. 'ஹீ'ஸ் எ ரெபல்' என்ற பாட்டை வேறொரு நிறுவனமும் பதிவு செய்யப்போகிறது என்று அறிந்த ஸ்பெக்டர் அவசரப்பட்டார். கிரிஸ்டல்ஸ் குழுவினர் அப்போது லாஸ் ஏஞ்சலிஸில் இல்லை. அவர் காத்திருக்கவில்லை. டார்லீன் லவ் என்ற பாடகியையும் அவருடைய பிளாசம்ஸ் குழுவினரையும் அழைத்துப் பாடவைத்து, தட்டில் 'கிரிஸ்டல்ஸ்' என்று அச்சிட்டார். கிரிஸ்டல்ஸ் என்ற பெயர் அவருடைய நிறுவனத்தின் விற்பனைச் சரக்கு. எந்தத் தொண்டையிலிருந்து வந்தாலென்ன? அந்தத் தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்கு ஏறியது. கிரிஸ்டல்ஸ் பெண்கள் தாங்கள் பாடாத பாட்டை ஊர் ஊராக மேடையில் பாட வேண்டியதாயிற்று. பாடிய டார்லீன் லவ் வேறொருவர் பெயரில் தம் குரல் வானொலியில் ஒலிப்பதைக் கேட்க வேண்டியதாயிற்று. ஒரே தட்டு இரு தரப்புப் பெண்களையும் கொள்ளையடித்தது. ஒரு தரப்பாரிடம் குரலை, மறு தரப்பாரிடம் பெயரை.

இவ்விரண்டுக்கும் நடுவே, 1949-இல், பம்பாயில் 'மஹல்' என்னும் இந்திப் படம் வெளிவந்தது. அதன் புகழ்பெற்ற பாட்டைப் பாடியவர் லதா மங்கேஷ்கர். ஆனால் இசைத்தட்டில் இருந்த பெயர் 'காமினி'. காமினி என்பது படத்தில் மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். உயிருள்ள பெண் பாட, இல்லாத ஒருத்தியின் பெயர் தட்டில் ஏறியது. பாடியவர் யார் என்று கேட்டு நேயர்கள் வானொலி நிலையத்துக்கு எழுதித் துளைத்த பின்னரே லதாவின் பெயர் வெளிவந்தது. கேட்டவர்கள் யார் என்பதைக் கவனியுங்கள். பாட்டைக் கேட்டு உருகிய எளிய மக்கள் கேட்டார்கள். "ஒருத்தி இல்லையேல் இன்னொருத்தி" என்ற தத்துவம் மெய்யானால் அந்த மக்கள் ஏன் கேட்டிருக்க வேண்டும்? காமினி என்ற பெயரே போதும் என்று இருந்திருக்கலாமே!

உரிமை யாருக்கு?

பெயர் போனால் போகட்டும், பிழைப்பு கிடைத்ததே என்பார் சிலர். பெயர் போன வழியேதான் பொருளும் போகும் என்பதை அவர்கள் அறியார்.

ரோனெட்ஸ் குழுவைப் பாருங்கள். வெரோனிகா, எஸ்டெல் என்னும் உடன்பிறந்தாரும் அவர்களுடைய ஒன்றுவிட்ட சகோதரி நெட்ராவும் சேர்ந்த மூவர். 1963-இல் ஸ்பெக்டரின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தனர். முன்பணமாக மூவருக்கும் சேர்த்துக் கிடைத்தது ஏறத்தாழ 15,000 டாலர். அதன் பிறகு பல்லாண்டுகள் அப்பாடல்கள் விற்றன, படங்களில் ஏறின. 1987-இல் வெளிவந்த 'டர்ட்டி டான்சிங்' படம் 'பி மை பேபி' பாட்டோடுதான் தொடங்கிற்று. பாடிய மூவருக்கும் உரிமத்தொகை வந்து சேரவில்லை. வழக்குத் தொடுத்தனர். கீழ்நீதிமன்றம் இலட்சக்கணக்கில் தொகை வழங்கத் தீர்ப்பளித்தது. 2002-இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பின் முக்கியப் பகுதியை நீக்கிற்று. நீங்கள் கையெழுத்திட்ட தாளில் பதிவின் உரிமை முழுவதையும் தயாரிப்பாளருக்குத் தந்துவிட்டீர்கள். படத்துக்கும் விளம்பரத்துக்கும் அவர் உரிமம் கொடுத்தால் அதில் உங்களுக்குப் பங்கில்லை. விற்பனைக்கு மட்டும் ஒப்பந்தப்படி பங்கு உண்டு என்றது. கையெழுத்திட்ட நாளில் அப்பெண்களுக்கு வயது இருபதை ஒட்டி. எதிரே இருந்தவர் வணிகத்தில் தேர்ந்தவர். சட்டம் தாளைப் பார்த்தது, வயதைப் பார்க்கவில்லை.

நம் பக்கத்தில் பாரதியின் கதை இருக்கிறது. வறுமையில் மறைந்த அந்தப் பெருங்கவிஞனின் பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை ஒரு வணிகரின் கைக்குச் சென்று, அங்கிருந்து மெய்யப்பரின் கைக்கு வந்தது. 1947-இல் 'நாம் இருவர்' படத்தில் டி.கே.பட்டம்மாளின் குரலில் பாரதி பாடல்கள் ஒலித்தன. குமாரி கமலா ஆடினார். நாடெங்கும் பாரதி பரவினான். இந்த நற்பணியை மறுக்கவில்லை. ஆனால் மறுபுறம், டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதியின் பாட்டைச் சேர்த்தபோது உரிமை தம்முடையது என்று மெய்யப்பர் தடுத்தார். தமிழனின் மூச்சான பாட்டை ஒரு தமிழ்ப் படத்தில் பாட இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்ற குரல் எழுந்தது. கிளர்ச்சி வளர்ந்தது. 1949-இல் ஓமந்தூராரின் அரசு பாரதியின் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கிற்று. அப்போது மெய்யப்பர் தம் இசைத்தட்டு உரிமையைக் கைம்மாறு எதுவும் பெறாமல் விட்டுக்கொடுத்தார்.

அந்தச் செயலுக்காக அவரை நான் வணங்குகிறேன். கூட்டத்தில் பேசியவர் மெய்யப்பரின் பெருமை எல்லாவற்றையும் பட்டியலிட்டார், இதைச் சொல்லவில்லை. என் கணக்கில், அவர் தயாரித்த எல்லாவற்றினும் உயர்ந்தது அவர் திருப்பிக் கொடுத்த இந்த ஒன்றுதான். பாட்டு தம்முடைய சொத்து அன்று, தம் கையில் தங்கியிருந்த பொருள் என்று ஒரு தயாரிப்பாளரே ஒப்புக்கொண்ட நாள் அது.

கவிஞனுக்குக் கிடைத்த இந்த நீதி பாடகிக்குக் கிடைக்க நெடுநாள் ஆயிற்று. 1977-இல் இந்திய உச்ச நீதிமன்றம், திரைப்பாடலின் உரிமை பொதுவாகப் படத் தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் நீதியரசர் கிருஷ்ணய்யர் தனியே ஒரு குறிப்பு எழுதி, பாட்டைப் பாடி உயிர் கொடுப்பவருக்குச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லாத நிலையைச் சுட்டிக்காட்டி வருந்தினார். நிகழ்த்து கலைஞருக்கென்று ஓர் உரிமை இந்தியச் சட்டத்தில் இடம்பெற 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்திலும் அது பின்வந்த திருத்தத்தின் வழியேதான் சேர்ந்தது. பாட்டெழுதியவர் உண்டு, இசையமைத்தவர் உண்டு, பணம் போட்டவர் உண்டு. பாடியவர் மட்டும் சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படாமல் இருந்தார்.

மறுப்புகளுக்கு மறுமொழி

மூன்று மறுப்புகளை எதிர்பார்க்கிறேன்.

முதலாவது: "முதல் போட்டவர் அவர், நட்டம் வந்தால் யார் தாங்குவது?" நியாயமான கேள்வி. முதலுக்கு இலாபம் உண்டு. அதை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. முதலுக்கு இலாபம் கொடுங்கள்; உழைப்புக்குப் பெயர் கொடுங்கள். தட்டின் சீட்டில் பாடியவரின் பெயரை அச்சிட எத்தனை காசு கூடுதலாகச் செலவாகும்?

இரண்டாவது: "அவர் இல்லையேல் அந்தப் பெண்களை யார் அறிவார்?" இதே வாதத்தைத் தோட்டத்தில் கேட்டிருக்கிறோம். துரை இல்லையேல் தோட்டமேது, தோட்டமில்லையேல் நீங்கள் ஏது என்றார்கள். ஆள் இல்லாத தோட்டத்தில் பால் தானாக ஒழுகி வாளியில் விழுமா என்று அன்று நம் பெரியவர்கள் திருப்பிக் கேட்கவில்லை. இன்று நாம் கேட்கலாம். ஸ்பெக்டரின் ஒலிச்சுவரை மட்டும், வெரோனிகாவின் குரலை நீக்கிவிட்டு, எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள்?

மூன்றாவது: "ஸ்பெக்டர் கொடியவர், அவரை வைத்துத் தயாரிப்பாளர் எல்லாரையும் எடைபோடலாமா?" ஸ்பெக்டர் 2003-இல் தம் இல்லத்தில் லானா கிளார்க்சன் என்ற நடிகை சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் 2009-இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2021-இல் தண்டனைக் காலத்திலேயே இறந்தவர். அவரை மணந்து பிரிந்த வெரோனிகா, வீட்டுக்குள் கைதிபோல் அடைபட்டுக் கிடந்து வெறுங்காலோடு தப்பிய கதையைத் தம் நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் என் வாதத்தை அக்கொடுமைகளின் மேல் நான் நிறுத்தவில்லை. ஸ்பெக்டர் உத்தமராக இருந்திருந்தாலும் டார்லீன் லவ்வின் பெயரை மறைத்தது தவறுதான். மெய்யப்பர் கண்ணியமானவர், ஒழுங்குக்கும் உழைப்புக்கும் பெயர் பெற்றவர். அப்படிப்பட்டவர் கையிலும் குரல் கழற்றி மாட்டும் பொருளாயிற்று என்றால், குற்றம் ஆளிடம் மட்டும் இல்லை. ஏற்பாட்டிலும் இருக்கிறது என்பதே பொருள்.

நம் வீட்டுக் கதை

அமெரிக்காவும் சென்னையும் இருக்கட்டும். செடெனாக்குக்கு வருவோம்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவில் நான்கு பெண்கள் சேர்ந்து பாடுவார்கள். அவர்களில் ஒருவர் என் சின்னம்மா. நால்வரும் பால்மரம் வெட்டியவர்கள். எவரிடமும் இசை கற்றதில்லை. ஒருவர் எடுத்துக் கொடுக்க, இருவர் தாங்க, நான்காமவர் மேலே ஒரு இழையை ஓடவிட்டுப் பாடுவார். கரகம் இறங்கும் நேரத்தில் அந்த நான்கு குரலும் எழுந்தால் லயத்து நாய்களும் அடங்கிவிடும்.

1980-களின் தொடக்கத்தில், ஒலிநாடா விற்பனை செழித்திருந்த காலத்தில், வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். திருவிழாவில் கேட்டவர். நால்வரையும் வாகனத்தில் ஏற்றிச் சென்று ஒரே பிற்பகலில் பத்துப் பாடல்களைப் பதிந்தார். ஆளுக்கு ஒரு சேலையும் இருபது வெள்ளியும் கொடுத்தார். தாள் எதிலும் கையெழுத்து வாங்கவில்லை. வாங்கியிருந்தாலும் நால்வரில் மூவர் கைந்நாட்டுத்தான் வைத்திருப்பார்கள். சில மாதங்களில் ஒலிநாடா வந்தது. உறையில் அம்மன் படம். கீழே தயாரித்தவரின் பெயர், பெரிய எழுத்தில். அதன் கீழே சிறிய எழுத்தில்: "பாடியவர்: குழுவினர்."

அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலெல்லாம் அந்த நாடா ஒலித்தது. ஆடி மாதத்தில் ஒலிபெருக்கியில் எங்கள் சின்னம்மாவின் குரல் கேட்கும். அவர் அதே நேரத்தில் மரத்தடியில் மங்கு கவிழ்த்துக்கொண்டிருப்பார். இளைஞனாயிருந்த நான் கொதித்தேன். "பேரு போடலையே சின்னம்மா, கேக்க வேண்டாமா?" என்றேன். அவர் சிரித்தார். "பாட்டு ஆத்தாளோடதுடா தம்பி. நம்ம பேரு எதுக்கு?" என்றார்.

அந்த மறுமொழியின் முன் நான் பல்லாண்டுகள் வாயடைத்து இருந்தேன். பக்தியின் அடக்கத்தோடு எப்படி வழக்காடுவது? பின்னர்தான் ஒன்று புரிந்தது. ஆத்தாளின் பாட்டில் சின்னம்மாவின் பெயருக்கு இடமில்லை என்றால் தயாரித்தவரின் பெயருக்கு மட்டும் எப்படி இடம் வந்தது? அடக்கம் பாடியவளுக்கு, விளம்பரம் விற்றவனுக்கு என்று ஆத்தாளா பங்கு பிரித்தாள்?

அவர் முதுமையில், பேரப்பிள்ளை ஒருநாள் பழைய பெட்டியிலிருந்து அந்த நாடாவை எடுத்தான். ஓடவிட்டார்கள். "இதுல உங்க குரல் எது பாட்டி?" என்று கேட்டான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டாம் பாட்டில் விரலைத் தூக்கி, "இந்தா, இது" என்றார். பிள்ளை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உங்க பேரு எங்கேயும் இல்லையே, பாட்டி" என்றான். ஆத்தாளின் பாட்டு என்று அன்று அவர் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை. நாடாவை நிறுத்தச் சொன்னார்.

கூட்டத்தில் அந்த அறிஞர் "கருவிகள்" என்றபோது என் கைகள் ஏன் எழவில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும்.

இன்று செடெனாக்கில் தரவு மையங்கள் எழுந்துவிட்டன. இரவும் பகலும் உறங்காத அந்தக் கட்டடங்களைப் போன்றவற்றில்தான் உலகத்தின் பாட்டெல்லாம் இப்போது குடியிருக்கிறது. பால் ஊற்றிய தொட்டியைவிட இது பெரிய தொட்டி. கைப்பேசியில் பதிந்து ஏற்றும் எவரும் இன்று தயாரிப்பாளரே. நம் இளைஞர்கள் வழி காட்டவும் செய்திருக்கிறார்கள். 2006-இல் யோகி பியும் நட்சத்திராவும் 'வல்லவன்' இசைத்தொகுப்பைத் தங்கள் பெயரிலேயே வெளியிட்டு, தமிழகத்திலும் கேட்கச் செய்தனர். ஆனால் அதே நேரத்தில், தாலாட்டும் ஒப்பாரியும் அம்மன் பாட்டும் பாடும் கிழவியரைப் படம்பிடித்து, தம் பெயரைத் தலையில் போட்டு, "நாட்டுப்புறப் பாடல்" என்று கீழே எழுதி ஏற்றிவிடும் பழக்கமும் வளர்கிறது. நாட்டுப்புறம் பாடுவதில்லை. அங்கே இருக்கும் ஒரு பெண் பாடுகிறாள். அவளுக்கு ஒரு பெயர் இருக்கிறது.

ஆகவே எழுத்தாளர்களையும், கோவில் நிருவாகத்தாரையும், பதிவு செய்யப் புறப்படும் இளைஞர்களையும் மூன்று செயல்களுக்கு அழைக்கிறேன். பாட்டைப் பதியுமுன் பாடுபவரின் பெயரையும் ஊரையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்து அதனையும் பதியுங்கள். கௌஹர் ஜான் காட்டிய வழி அது. வருவாய் உண்டானால் யாருக்கு எவ்வளவு என்பதை அவர்களுக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்தோ கைந்நாட்டோ வாங்குங்கள். பழைய ஒலிநாடாக்கள் வீட்டில் இருந்தால், அவற்றில் பாடியவர்களை அறிந்த கடைசி மனிதர் கண்மூடுமுன் கேட்டு எழுதி வையுங்கள்.

நான் என் பங்கைச் செய்துவிட்டேன். சின்னம்மாவின் பெயரையும் மற்ற மூவரின் பெயரையும் இக்கட்டுரையில் எழுதப்போவதில்லை; அவை இருக்க வேண்டிய இடம் இதுவன்று. அந்த ஒலிநாடாவின் உறையை எடுத்து, "குழுவினர்" என்ற சொல்லை ஒரு கோட்டால் அடித்து, அதன் கீழே நான்கு பெயர்களையும் மையால் எழுதியிருக்கிறேன். பேரப்பிள்ளை இப்போது வளர்ந்துவிட்டான். அடுத்த முறை அவன் அதைத் திருப்பிப் பார்க்கும்போது பெயர் இருக்கும்.